இரத்தம் எங்கே போனது?

(நன்கொடையாளர் கூடுகையில், பொது மருத்துவப் பிரிவின் மூத்த டாக்டர் ஆற்றிய உரை)



இக்கூடுகையில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டபோது, எதைப் பற்றிப் பேசலாம் என்று சில நாட்கள் யோசித்தேன். வழக்கமாக இந்த மேடையில் ஒரு பெரிய அறுவை சிகிச்சையைப் பற்றியோ, புதிதாக வந்த ஒரு கருவியைப் பற்றியோ பேசுவார்கள். நான் மிகவும் சாதாரணமான ஒரு வியாதியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உங்கள் வீட்டிலேயே அது யாருக்காவது இருக்கலாம். அதுதான் இரத்தசோகை. அதிலும் குறிப்பாக, இரும்புச் சத்துக் குறைவினால் வரும் இரத்தசோகை.

"இதற்கு ஒரு உரை தேவையா? கீரை சாப்பிடச் சொல்லி, சத்து மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினால் நான் செய்த ஒரு தவற்றை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் படிப்பு முடித்து வேறோர் ஊரில் வேலை செய்துகொண்டிருந்த காலம். 58 வயதான ஒரு சுமை தூக்கும் தொழிலாளி என்னிடம் வந்தார். முன்பெல்லாம் மூட்டை தூக்கிக்கொண்டு படியேறியவருக்கு, வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கியது. கண் இமையின் உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.5 கிராம்தான். நான் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பூச்சி மாத்திரையும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோது ஹீமோகுளோபின் 9 ஆகியிருந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஹீமோகுளோபின் 6. வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்தவுடன் கட்டி தட்டுப்பட்டது. பெருங்குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. அதிக நாள் அவர் இருக்கவில்லை.

பெருங்குடலின் வலப்பக்கம் வரும் புற்றுநோய் பல மாதங்கள் வலியோ அடைப்போ இல்லாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதபடி, மலத்தோடு மலமாக, ஒவ்வொரு நாளும் சிறிது இரத்தம் கசியும். அந்த மனிதருடைய இரும்பு போன வழி அதுதான். நான் அந்த வழியைத் தேடவில்லை. அவருடைய மனைவி என்னைக் குறை சொல்லவும் இல்லை. "டாக்டரம்மா, நீங்க குடுத்த மாத்திரை நல்லாத்தான் கேட்டுச்சு. அதான் நல்லாயிட்டாருன்னு நெனச்சு நாங்களும் விட்டுட்டோம்" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை என்னோடு இருக்கிறது. மாத்திரை வேலை செய்தது உண்மை. அது வேலை செய்ததனாலேயே உள்ளே இருந்த நோய் எட்டு மாதம் மறைந்திருந்தது.

ஆகவே இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: இரத்தசோகை என்பது ஒரு அடையாளம். அதைக் கண்டவுடன் "இதற்கு என்ன மாத்திரை?" என்று கேட்டு நின்றுவிடக் கூடாது. "இரும்பு எங்கே போனது?" என்றும் கேட்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நம் உடம்பின் வரவு செலவுக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவருடைய உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருந்து, நுரையீரலிலிருந்து உடம்பெங்கும் பிராணவாயுவைக் கொண்டுசெல்கிறது. மீதியில் ஒரு பங்கு ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பு ஏற்றுக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம். தோல் உதிர்வது போன்ற வழிகளில் அன்றாடம் வெளியேறுவது சுமார் 1 மில்லிகிராம். வரவும் செலவும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் குடும்பத்தில், புதிதாக ஒரு சிறு செலவு வந்தாலும் கடன்தான்.

2 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறினால் 1 மில்லிகிராம் இரும்பு அதோடு போய்விடுகிறது. சாதாரணமாக மாதவிலக்கின்போது 30 முதல் 40 மில்லி லிட்டர் வரை இரத்தம் போகும். 80 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அது அதிகம். ஒரு கர்ப்ப காலத்துக்குத் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணமாகி, அடுத்தடுத்து இரண்டு மூன்று பிரசவமும் ஆகிவிட்டால், அவளுடைய சேமிப்பு என்னவாகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சேமிப்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் குறைய ஆரம்பிக்கும். அதனால் பரிசோதனையில் இரத்தசோகை என்று தெரியும்போது, இழப்பு தொடங்கி வெகுகாலம் ஆகியிருக்கும். உடம்பும் மெதுவாக அதற்குப் பழகிவிடும். 7 கிராம் ஹீமோகுளோபினோடு காலையில் தண்ணீர் எடுத்து, சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, பகல் முழுவதும் பீடி சுற்றும் சகோதரிகளை நான் தினமும் பார்க்கிறேன். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, கொஞ்சம் அசதியா இருக்கு" என்பார்கள்.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேர். ஆண்களிலும் 100க்கு 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது. இவை எல்லாமே இரும்புக் குறைவினால் மட்டும் வந்தவை அல்ல. ஆனாலும் காரணங்களில் மிகப் பெரியது அதுதான்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

முதலில் கண் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை, நகம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். நாள்பட்ட குறைவில் நகம் நடுவில் குழிந்து, சிறு கரண்டி போல ஆகிவிடும். அடுத்து, பலரும் கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்வியைக் கேட்கிறோம்: "பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி இப்படி ஏதாவது திங்கணும்னு ஆசை வருதா?" அநேகப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானையிலிருந்து அள்ளித் தின்றுவருவார்கள். அது கெட்ட பழக்கம் என்று திட்டு வாங்கியிருப்பார்கள். அரிசி தின்பதால்தான் இரத்தம் குறைகிறது என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது தலைகீழ். இரும்பு குறைந்ததால் வந்த ஆசை அது. இரும்பு ஏறினால் தானாகவே போய்விடும்.

பிறகு இரத்தப் பரிசோதனை. நான் படித்த நாட்களில், விரலில் குத்தி எடுத்த இரத்தத்தை ஒரு சிறு குழாயில் அமிலத்தோடு கலந்து, பழுப்பு நிறமானதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருவர் பார்த்தால் 8 என்பார், அடுத்தவர் பார்த்தால் 9 என்பார். இப்போது செல் கவுண்டர் என்னும் இயந்திரம் சில நிமிடங்களில் முழு விவரத்தையும் தந்துவிடுகிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழும் ஹீமோகுளோபின் இருந்தால் அது இரத்தசோகை என்று பொதுவாகக் கொள்கிறோம்.

ஆனால் அந்த ஒரு எண்ணோடு நிறுத்திவிட முடியாது. சிவப்பணுவின் பருமனையும் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறிப்போகும். வைட்டமின் பி12 அல்லது போலிக் அமிலம் குறைந்தால் அவை பெருத்துவிடும். பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் அதிகம் சேர்க்காதவர்களுக்கு பி12 குறைவு வரலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் பயனில்லை. இன்னும் சிலருக்குப் பிறப்பிலேயே தலசீமியா என்னும் மரபுக்கூறு ஒன்று பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அவர்களுடைய சிவப்பணுக்களும் சிறியவைதான். ஆனால் எண்ணிக்கை குறையாது, பெரும்பாலும் கூடியே இருக்கும். இவர்கள் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்துக்கொண்டே இருப்பது வீண். ஆனால் இதே கூறு உள்ள ஒருவரைத் திருமணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் அதைக் கண்டு சொல்வது எங்கள் கடமை.

இரும்புச் சேமிப்பை அளக்க பெரிட்டின் என்ற பரிசோதனை இருக்கிறது. அது ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சேமிப்புப் பெட்டி காலி என்று நிச்சயமாகச் சொல்லலாம். 30க்குக் கீழ் இருந்தாலே பெரும்பாலான டாக்டர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். ஒரு எச்சரிக்கை: உடம்பில் காய்ச்சலோ, புண்ணோ, வேறு அழற்சியோ இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். காசநோயாளிக்குப் பெரிட்டின் 50 இருக்கிறது என்று நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. இந்தப் பரிசோதனைக்குப் பணம் இல்லாதவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. கதை பொருந்தினால் மாத்திரையைத் தொடங்கிவிடுவோம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறினால், குறைவு இரும்பினால்தான் என்று தெளிவாகிறது. ஆனால் ஏறிவிட்டது என்பதற்காகக் காரணத்தைத் தேடுவதை விடமாட்டோம். அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை முன்பே சொன்னேன்.

காரணத்தைத் தேடுவதற்குப் பெரும்பாலும் கருவி தேவையில்லை, காது தேவை. சில ஆண்டுகளுக்கு முன்பு பீடி சுற்றும் ஒரு சகோதரி, 38 வயது, எங்களிடம் வந்தார். பத்து ஆண்டுகளாக டானிக் குடித்துவருகிறார். இரண்டு முறை இரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். சில மாதம் நன்றாக இருப்பார், மறுபடியும் பழைய நிலை. ஹீமோகுளோபின் 6.8, பெரிட்டின் 4. "மாதவிலக்கு சரியாக வருகிறதா?" என்று நான் கேட்டேன். "சரியா வருதும்மா" என்றார். மாதம் தவறாமல் வருகிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த எங்கள் மூத்த நர்சு அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டார். "எத்தனை நாள் போகும்? ராத்திரி எழுந்து துணி மாத்துவியாக்கா? கட்டி கட்டியாப் போகுதா?" ஒன்பது நாள் போகுமாம். இரவில் இரண்டு முறை எழுவாராம். கட்டியாகவும் போகுமாம். "இது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று அவர் நினைத்திருந்தார். பத்து ஆண்டுகளில் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையில் தசைக் கட்டி, புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி. அதற்குச் சிகிச்சை செய்து, இரும்பையும் ஏற்றினோம். ஆறு மாதம் கழித்து வந்தவர் என்னிடம் முதலில் சொன்ன செய்தி என்ன தெரியுமா? "டாக்டரம்மா, அரிசி திங்கிறத விட்டுட்டேன்!"

வயதுக்கு ஏற்றபடி தேடும் இடம் மாறும். வளரும் பெண்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேவை கூடுவதே முக்கியக் காரணம். தாய்ப்பாலுக்குப் பிறகு வெறும் பசும்பாலிலேயே வளரும் குழந்தைகளுக்கு வரவு போதாது. செருப்பில்லாமல் வயலிலும் தோட்டத்திலும் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு கால் தோல் வழியாக உள்ளே போய், சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிடும் பெரியவர்களுக்கு வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும். மூலத்தில் நாள்தோறும் கொஞ்சம் போனாலும் போதும். எந்த வயது ஆணுக்கும், மாதவிலக்கு நின்றுபோன எந்தப் பெண்ணுக்கும் இரும்புக் குறைவு என்று தெரிந்தால், வயிற்றையும் குடலையும் உள்நோக்கிக் கருவியால் பார்க்கும்வரை நாங்கள் நிம்மதியாக இருக்கக் கூடாது. "மூலம் இருக்கிறது, அதனால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் ஆபத்து. மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம்.

இனி சிகிச்சை. மாத்திரை மிகவும் பழையது. பிளோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1832-லேயே இரும்பு மாத்திரையால் இளம்பெண்களின் இரத்தசோகையைக் குணப்படுத்திக் காட்டினார். இன்றும் அதே பெரஸ் சல்பேட் வகைதான் மலிவானது, நல்லது. இப்போது அரசாங்கம் தரும் மாத்திரையில் பெரியவர்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன.

மாத்திரையைக் கொடுப்பதைவிட அது வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பதுதான் கடினம். எங்கள் கிராம நர்சு ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குப் போனபோது, மூன்று மாத மாத்திரையும் அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. வீட்டு ஆச்சி, "இதச் சாப்பிட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்று தடுத்துவிட்டார். எங்கள் நர்சு சண்டை போடவில்லை. "ஆச்சி, நான் மூணு பிள்ளைக்கும் இதே மாத்திரையத்தான் சாப்பிட்டேன். மூணும் மூணு நிறம். கறுப்பாப் போனது வெளிக்குப் போனது மட்டுந்தான்!" என்றார். ஆச்சி சிரித்துவிட்டு, அன்றிரவே தன் கையால் மருமகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. குமட்டல், மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் சிலருக்கு வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நன்றாக உடம்பில் சேரும். ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம். சாப்பிடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். காபி, டீ குடிப்பதற்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் சேர்த்து விழுங்கக் கூடாது.

ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை என்று எழுதுவது நாங்கள் படித்த காலத்து வழக்கம். இப்போது அது மாறிவருகிறது. ஒரு மாத்திரை சாப்பிட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்னும் பொருளைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலின் வாசலைச் சாத்திவிடுகிறது. 2017-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், இரும்புக் குறைவுள்ள பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு உடம்பில் சேர்ந்தது. ஆகவே மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலருக்கு இம்முறையை நாங்கள் சொல்கிறோம். கர்ப்பிணிகள் மட்டும் தங்களுக்குச் சொல்லப்பட்டபடி தினமும் சாப்பிட வேண்டும்.

மிக முக்கியமானது எத்தனை நாள் என்பது. இரண்டு மூன்று வாரத்தில் அசதி குறையும். ஒன்றிரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சரியாகும். அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். அப்போது நிரம்பியிருப்பது அன்றாடச் செலவுக்கான பை மட்டுமே. சேமிப்புப் பெட்டி இன்னும் காலி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். அதையும் முடித்தால்தான் சிகிச்சை முடிந்தது.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிவிட்டவர்களுக்கும், இழப்பு மாத்திரையை மிஞ்சிப் போகிறவர்களுக்கும் இரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாம். இன்று சில மருந்துகளில் 1,000 மில்லிகிராம்வரை ஒரே நாளில் ஏற்ற முடிகிறது. அபூர்வமாக ஒவ்வாமை வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்தே ஏற்ற வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கிறோம்.

"இரத்தம் ஏத்திடுங்க டாக்டர்" என்று உறவினர்கள் கேட்பார்கள். ஒரு பை இரத்தம் ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராம்தான் உயர்த்தும். உயிருக்கு ஆபத்தான அளவுக்கு மூச்சுத் திணறினாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, பிரசவ நேரத்தில் மிகவும் குறைந்திருந்தாலோ ஏற்றுகிறோம். மாத்திரையால் சரியாகக்கூடியவருக்கு ஏற்றுவதில்லை. அந்தப் பை பிரசவ வார்டில் யாருக்காவது உயிராக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறவைக்காது. பீட்ரூட்டும் மாதுளையும் நல்லவைதான், ஆனால் அவற்றின் நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஈரல், சுவரொட்டி, இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும். கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் அதில் சிறு பங்குதான் சேரும். அவற்றோடு எலுமிச்சம்பழமோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அந்தப் பங்கு கூடும். ஆனால் ஹீமோகுளோபின் 7-க்கு வந்துவிட்டவரைக் கீரையை மட்டும் கொண்டு தூக்கி நிறுத்த முடியாது. சாப்பாடு மறுபடியும் விழாமல் காக்கும். விழுந்தவரை எழுப்ப மருந்து வேண்டும்.

வருமுன் காக்கும் வேலையும் நடக்கிறது. நம் நாட்டில் இதற்கான அரசுத் திட்டம் 1970-லேயே தொடங்கியது. 2018-இல் அது விரிவாக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் தினம் ஒரு மாத்திரை. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க நாள். எங்கள் பிரசவ வார்டில், குழந்தை பிறந்தவுடன் அவசரப்பட்டுத் தொப்புள்கொடியை வெட்டாமல், குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்திருக்கிறோம். அதற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் இரத்தம், அதன் முதல் மாதங்களுக்கான இரும்புச் சேமிப்பு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மாத்திரைகள் மிட்டாய் போல இருப்பதால் சின்னப் பிள்ளைகள் ஒன்றாக எடுத்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நண்பர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. இந்த வியாதியில் மாத்திரையின் விலை மிகக் குறைவு. செலவெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் நர்சின் அரைமணி நேரம், பணமில்லாத ஒரு முதியவருக்குக் குடல் பரிசோதனை, மூன்றாம் மாதம் திரும்பி வராத சகோதரியைத் தேடி அவள் ஊருக்குப் போகும் பஸ் கட்டணம். இவற்றைப் படம் பிடித்து இந்த மலரின் அட்டையில் போட முடியாது. ஆனால் டானிக் பாட்டிலோடு வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கும், குணமாகி வீட்டுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இவைதான்.

வீட்டுக்குப் போனதும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் மனைவியோ, தாயாரோ, தகப்பனாரோ, வீட்டு வேலைக்கு உதவும் அக்காவோ, "அசதியா இருக்கு" என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவு என்று வந்தால், மாத்திரை எழுதும் டாக்டரிடம் "ஐயா, இது ஏன் குறைந்தது?" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். இளம் டாக்டராக இருந்தால், அந்தக் கேள்வி அவருக்கும் உதவியாக இருக்கும். அந்தச் சுமை தூக்கும் தொழிலாளி வந்த அன்று, யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.